இரண்டு பச்சைக் கோடுகள்: எரிகல்லின் ஒளியைப் பிரித்துப் படம் பிடித்த அனுபவம்

ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருந்த டிசம்பர் இரவில், பளிச்சென்று போன ஓர் எரிகல்லின் நிறமாலை கேமராவில் முழுசாக விழுந்துவிட்டது. நடுவில் எரிகல்லின் வெள்ளைக் கீற்று. அதிலிருந்து தள்ளி, அதற்கு இணையாக ஒரு பச்சைக் கோடு. அதை ஒட்டி மங்கலான கோடுகளின் கூட்டம். இன்னும் தள்ளி மெலிந்த ஒரு மஞ்சள் கோடு. ஆகஸ்டில் பெர்சீட் பொழிவுக்காகத் தொடங்கிய வேலை டிசம்பரில்தான் கைகூடியது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எரிகல் ஏன் ஒளிர்கிறது என்று கேட்டால், காற்றில் உராய்ந்து தீப்பிடித்து எரிகிறது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது எனக்குப் பல நாளாக ஒட்டாமலே இருந்தது. பெரும்பாலான எரிகற்கள் ஒளிர்வது தரையிலிருந்து 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில். 100 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அங்கே ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதுவதற்குள் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். தீ எரிய அங்கே என்ன இருக்கிறது?

நடப்பது வேறு. கடுகளவோ பட்டாணியளவோ உள்ள துகள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வருகிறது. அந்த வேகத்தில் காற்று மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அதன்மேல் வந்து அறைகின்றன. மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. ஆவியான அணுக்கள் மறுபடி காற்றோடு மோதி, வாங்கிய ஆற்றலை ஒளியாகக் கக்குகின்றன. ஜெமினிட் துகள்களின் வேகம் நொடிக்கு சுமார் 35 கிலோமீட்டர். ஒரு கிராம் எடையுள்ள துகள் அந்த வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் ஆறு லட்சம் ஜூலுக்கு மேல். அதே எடை டி.என்.டி. வெடிமருந்தில் இருப்பது 4,184 ஜூல்தான். அத்தனையும் ஒரு நொடிக்குள் தீர்ந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருவது அதில் மிகச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கே நமக்கு நட்சத்திரங்களை மங்கடிக்கப் போதுமானது.

கல் கனன்று ஒளிர்கிறது என்றால் அதன் நிறமாலையில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆவியான அணுக்கள் ஒளிர்கின்றன என்றால் தனித்தனிக் கோடுகள் விழ வேண்டும். இதை என் கேமராவிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மொத்தத் திட்டம். இது புது வேலையும் இல்லை. ஹார்வர்டு ஆய்வகம் பெருவில் உள்ள அரேக்கிபாவில் நடத்திய நிலையத்தில் 1897-லேயே ஓர் எரிகல்லின் நிறமாலை தற்செயலாகப் படத்தட்டில் பதிவாகியிருக்கிறது.

முதலில் கிரேட்டிங். பள்ளிப் புத்தகத்தில் கீற்றணி என்று வருமே, அதே பொருள்தான். நெருக்கமான கோடுகள் பதித்த பிளாஸ்டிக் ஃபிலிம். லென்ஸின் முன் மாட்டினால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பக்கவாட்டில் தள்ளும். இந்த வேலைக்கு வாங்கியதிலேயே மலிவான பொருள் இதுதான். மெமரி கார்டுக்கு இதைவிடப் பல மடங்கு ஆனது. மில்லிமீட்டருக்கு 500 கோடு, 1,000 கோடு என்று இரண்டு வகை எளிதாகக் கிடைக்கும். கோடு அதிகம் என்றால் நிறம் அதிகம் விரியும், ஆகவே 1,000 நல்லது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. என்னிடம் இருப்பது 24 மி.மீ. லென்ஸ், ஏ.பி.எஸ்.-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார். அது பிடிக்கும் வானத்தின் அகலம் 52 டிகிரி, உயரம் 36 டிகிரி. 1,000 கோட்டு ஃபிலிமில் ஊதா 24 டிகிரி தள்ளியும் சிவப்பு 44 டிகிரி தள்ளியும் விழும். எரிகல் படத்தின் நடுவில் போனால் நிறமாலை வெளியே போய்விடும். 500 கோட்டில் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, 11.5 டிகிரியிலிருந்து 20.5 டிகிரி வரை விழுகிறது. எரிகல் நடுவில் போனால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு நிறமாலையும் படத்துக்குள் அடங்கிவிடும். சென்சாரில் அதன் நீளம் நான்கு மில்லிமீட்டர், ஏறக்குறைய ஆயிரம் பிக்சல். இந்த வேலைக்கு அது தாராளம்.

ஸ்லைடு சட்டத்தில் ஒட்டி வரும் சிறு துண்டுகள் உதவாது. 67 மி.மீ. ஃபில்டர் போடும் லென்ஸின் முகத்தை அவை முழுதாக மூடாது. பெரிய தாளாக வாங்கி வெட்டிக்கொள்வதே நல்லது. பழைய யு.வி. ஃபில்டர் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குள் உட்காரும்படி கெட்டி அட்டையில் இரண்டு வட்டச் சட்டங்கள். நடுவில் ஃபிலிம். ஃபிலிமை ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டே சுற்றி வந்தால் சுருக்கம் விழும். மேளத்துக்குத் தோல் இழுப்பது போல எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி இழுத்து ஒட்ட வேண்டும். இரட்டைப் பக்க டேப் போதும். உடனடிப் பசை அருகில் வரவே கூடாது. அதன் ஆவி ஃபிலிமில் வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. கைரேகை பட்டாலும் அவ்வளவுதான், துடைத்தால் கோடுகள் கீறிப்போகும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, கூடுதலாக ஒரு துண்டும் வெட்டி வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

வளையம் தயாரானதும் இருட்டறையில் சி.எஃப்.எல். விளக்கு ஒன்றை ஏற்றி, அதன் முன் அட்டையில் மெல்லிய பிளவு வெட்டி, எதிர்ச் சுவரோரம் கேமராவை வைத்துப் படம் எடுத்தேன். அந்த விளக்கில் பாதரசத்தின் 435.8 நானோமீட்டர் நீலக் கோடும் 546.1 நானோமீட்டர் பச்சைக் கோடும் கத்தி போல் கூர்மையாக விழும். 611-ஐ ஒட்டி யூரோப்பியம் என்ற தனிமத்தின் ஆரஞ்சுக் கோடும் உண்டு. இந்த மூன்றையும் வைத்து எத்தனையாவது பிக்சலில் எந்த அலைநீளம் என்ற அளவுகோல் கிடைத்துவிட்டது. ஒரு பிக்சலுக்கு 0.3 நானோமீட்டர். ஃபிலிம் கண்ணாடி போல் சமதளமாக இருக்காது என்பதால் உண்மையில் பிரித்துப் பார்க்க முடிவது இரண்டு நானோமீட்டர் அளவில்தான். நிறம் எந்தத் திசையில் விரிகிறது என்பதையும் அப்போதே பார்த்து, வளையத்தின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டேன். இந்தப் புள்ளி இல்லாமல் இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகஸ்டில் பெர்சீட் இரவு. ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 3200, துளை எஃப் 2, ஒவ்வொரு படத்துக்கும் 10 விநாடி, ரிமோட்டைப் பூட்டிவிட்டால் கேமரா தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் எரிகல் பளிச்சென்று விழும் என்று பலர் நினைக்கிறார்கள். எரிகல் ஒரு பிக்சலைக் கடப்பது நொடியில் மிகச் சிறு பகுதியில். நீங்கள் 10 விநாடி திறந்தாலும் 30 விநாடி திறந்தாலும் அந்தப் பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளி அதேதான். கூடுவது வானத்தின் வெளிச்சம் மட்டும். நிறமாலையில் ஒளி இன்னும் மெலிந்து பரவுவதால் வானம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு லாபம்.

அன்று இரவின் மிகப் பிரகாசமான எரிகல் படத்தின் நடுவிலேயே விழுந்தது, பயன் இல்லை. அது போன திசையும் நிறம் விரியும் திசையும் ஒன்றாக அமைந்துவிட்டதால் எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நிறமுள்ள ஒரே இழுப்பாகப் பதிந்திருந்தது. நிறமாலைக் கருவிகளில் வழக்கமாக ஒரு பிளவு இருக்கும். எரிகல்லுக்கு அது தேவையில்லை, அதன் கீற்றே பிளவின் வேலையைச் செய்துவிடும். ஆனால் கீற்றுக்குக் குறுக்கே நிறம் விரிந்தால்தான் அது நடக்கும்.

நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கியது. ஃபிலிமில் பனி படிந்தால் நட்சத்திரங்கள் எல்லாம் பஞ்சாகிவிடும், துடைக்கவும் வழியில்லை. அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எதற்கும் ஆகவில்லை.

இருந்தாலும் பனிக்கு முன் விழுந்த ஒரு படம் தனியாக நின்றது. நடுத்தரமான பிரகாசம், சாய்வாகப் போன ஒரு பெர்சீட். அதன் நிறமாலையில் தெளிவாகத் தெரிந்தது ஒரே ஒரு பச்சைக் கோடு. எரிகல்லில் பச்சை என்றால் மக்னீசியம் என்பது எல்லா இடத்திலும் படித்ததுதான். மக்னீசியத்தின் மூன்று கோடுகள் 516.7, 517.3, 518.4 நானோமீட்டரில் நெருங்கி நிற்பவை. அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு 557-ஐ ஒட்டி விழுகிறது. 40 நானோமீட்டர் என்பது நூற்றுமுப்பது பிக்சல். அவ்வளவு பிசகு வராது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைக் கீற்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது, பச்சைக் கோடு பாதி வழியிலேயே மங்கி நின்றுவிடுகிறது.

557.7 நானோமீட்டர் ஆக்சிஜன் அணுவின் கோடு. கல்லிலிருந்து வருவதில்லை, வளிமண்டலத்தின் ஆக்சிஜனிலிருந்து வருவது. துருவ ஒளியின் பச்சையும் இதே கோடுதான். கிளர்ச்சியடைந்த ஆக்சிஜன் அணு இந்த ஒளியை வெளியிட ஏறக்குறைய முக்கால் நொடி எடுத்துக்கொள்கிறது. அணுக்களின் உலகத்தில் அது ஒரு யுகம். அதற்குள் இன்னோர் அணுவோ மூலக்கூறோ வந்து மோதினால் ஆற்றல் அதற்குப் போய்விடும், ஒளி வராது. மேலே காற்று மெல்லியதாக இருக்கும் வரை அணுவுக்கு அவகாசம் கிடைக்கிறது. எரிகல் கீழே இறங்க இறங்க மோதல்கள் கூடி அந்த அவகாசம் போய்விடுகிறது. கோடு பாதியில் நின்றதற்குக் காரணம் அதுதான். பெர்சீட்கள் நொடிக்கு 59 கிலோமீட்டரில் வருபவை. இவ்வளவு வேகமான எரிகற்களில்தான் இந்தக் கோடு ஓங்கி நிற்கும். காற்று எந்த உயரத்தில் அடர்கிறது என்பதை ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் காட்டிக்கொடுத்ததைப் பார்த்த பிறகு இந்த வேலையை விடவே மனமில்லை.

டிசம்பருக்குள் இரண்டு விஷயங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது: பனியும் திசையும்.

பனிக்கு ரெசிஸ்டர் பட்டை. 220 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர்கள் எட்டை இணையாகச் சேர்த்து, துணிப்பட்டைக்குள் வைத்துத் தைத்து லென்ஸைச் சுற்றிக் கட்டினேன். 12 வோல்ட் பேட்டரியில் 5.2 வாட். வீட்டில் சோதித்தபோது பனிக்கு அது போதும் போதும் என்றிருந்தது, ஆனால் சூட்டில் ஃபிலிம் நடுவில் உப்பிக்கொண்டு கோடுகள் வளைந்தன. எட்டையும் 330 ஓமாக மாற்றியதும் 3.5 வாட் ஆனது. பட்டையையும் வளையத்திலிருந்து ஒரு விரல்கடை பின்னுக்குத் தள்ளிக் கட்டினேன். அப்புறம் ஃபிலிம் அசையவில்லை, பனியும் படியவில்லை. மணிக்கு 0.3 ஆம்பியர்-மணிதான் எடுக்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஓர் இரவு தாங்கி மிச்சமும் வைக்கும்.

திசைக்கு வானமே வழி சொல்கிறது. ஒரு பொழிவின் எரிகற்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவது போலத் தெரியும். ஜெமினிட்டுக்கு அந்தப் புள்ளி மிதுன விண்மீன் குழுவில் காஸ்டர் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். கேமராவின் உயரப் பக்கம், அதாவது 36 டிகிரிப் பக்கம், காஸ்டரை நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்தால் எரிகற்கள் அந்தப் பக்கமாக ஓடும். நிறம் அகலவாக்கில் விரியும்படி வளையத்தைத் திருக வேண்டும். காஸ்டரிலிருந்து எவ்வளவு தள்ளிக் குறிவைப்பது என்பதில் நான் 30 முதல் 40 டிகிரியை வைத்துக்கொண்டேன். கிட்டப் போனால் கீற்று கட்டையாகிவிடும். 90 டிகிரிப் பக்கம் போனால் எரிகல் வானத்தில் வேகமாக ஓடி, ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் ஒளி குறைந்துவிடும். வானம் சுழல்வதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்பி வைக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் பின்னிரவுப் படங்கள் வீண்.

குவியம் பிடிப்பதில் ஒரு நுணுக்கம். நடுவில் உள்ள நட்சத்திரத்தைக் கூர்மையாக்கினால் நிறமாலை விழும் ஓரப் பகுதி சற்றுக் கலங்கலாக இருக்கும். நான் சிரியஸ் நட்சத்திரத்தைக் குறிவைத்து, அதன் நிறமாலையைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, நீலப்பச்சைப் பகுதியில் ஹைட்ரஜனின் 486.1 இருட்டுக் கோடு தெரியும் வரை லென்ஸின் குவிய வளையத்தைத் திருகினேன். பார்க்க அழகான காட்சி அது: வண்ண நாடாவில் மயிரிழை போல் ஒரு கறுப்பு வெட்டு. கூடவே வானத்தில் வைத்தே அளவுகோலைச் சரிபார்க்கவும் அது உதவியது.

பத்து மணி நேரத்தில் மூவாயிரத்து ஐந்நூறு படம், ரா கோப்புகளாக, அதாவது கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்புகளாக, 90 ஜி.பி. அளவில். ஆகவே 128 ஜி.பி. கார்டு. வடிகட்டுவது எளிதுதான். விமானம் புள்ளி புள்ளியாக விழும். செயற்கைக்கோள் அடுத்தடுத்த படங்களிலும் தொடரும். எரிகல் ஒரே படத்தில், இரு முனையும் கூம்பி நிற்கும். நிறமாலை விழ வேண்டும் என்றால் எரிகல் குறைந்தது வியாழன் கிரகம் அளவுக்காவது ஒளிர வேண்டும் என்பது என் கேமராவில் கண்டது. ஜெமினிட் நிறைய விழுந்தும் பெரும்பாலான படங்களில் வெறும் கீற்றுதான்.

தேறிய படத்திலிருந்து அதற்கு முந்தைய படத்தைக் கழித்தேன். நட்சத்திரங்களும் வானொளியும் போய்விட்டன, எரிகல் மட்டும் மிஞ்சியது. பிறகு இமேஜ்ஜே மென்பொருளில் கீற்று நேராக நிற்கும்படி திருப்பி, குறுக்கே ஒளியின் அளவை வரைபடமாக எடுத்தேன். உயர்ந்த முகடு 517-ல். இந்த முறை மக்னீசியமேதான். அதற்கு அடுத்து 527 முதல் 545 வரை சிறு சிறு முகடுகளின் கூட்டம், அது இரும்பு. 589-ல் சோடியம், மிகவும் தாழ்ந்து. 557.7-ல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. 35 கிலோமீட்டர் வேகம் அதற்குப் பற்றவில்லை. கோடுகளுக்கு நடுவே தொடர்ச்சியான ஒளி மிக மெலிது. கண்ணுக்குத் தெரிந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி ஆவியான கல்லின் அணுக்களிலிருந்து வந்தது என்பது என் படத்திலேயே கோடு கோடாக இருக்கிறது. பெர்சீட்டின் பச்சை காற்றுடையது, ஜெமினிட்டின் பச்சை கல்லுடையது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை.

சோடியம் இவ்வளவு தாழ்ந்து நிற்பதில் ஒரு பின்னணி உண்டு. பெரும்பாலான பொழிவுகளின் துகள்கள் வால்வெள்ளிகள் விட்டுச்சென்றவை. ஜெமினிட்டின் மூலம் ஃபேத்தான் என்ற சிறுகோள், 1983-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது சூரியனை நெருங்கும்போது பூமி–சூரியன் தொலைவில் 0.14 பங்குக்குள் போய்விடுகிறது, புதன் கிரகம் நெருங்குவதில் பாதித் தொலைவுகூட இல்லை. அந்தச் சூட்டில் எளிதில் ஆவியாகும் சோடியம் பெருமளவு ஏற்கெனவே வெளியேறியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதே இரவில் வேறு திசையில் மெதுவாகப் போன, பொழிவைச் சேராத எரிகல் ஒன்றின் நிறமாலையும் அரைகுறையாகக் கிடைத்தது. அதில் மஞ்சள் கோடு பச்சைக்குச் சமமாக நின்றது. கேமரா, லென்ஸ், ஃபிலிம் எல்லாம் ஒன்றே என்பதால் ஒப்பிட ஆசை வரும். ஆனால் வேகம் குறைந்தாலே சோடியம் ஓங்கித் தெரியும், ஏனென்றால் அதைத் தூண்டக் குறைந்த ஆற்றல் போதும். ஆகவே இரண்டு படத்தை வைத்து ஃபேத்தானைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கோடு எங்கே விழுகிறது என்பதை நம்பலாம், எவ்வளவு உயரம் என்பதற்கு இந்தக் கேமரா சாட்சி சொல்லாது. அதன் நிற வடிகட்டிகள் ஒவ்வோர் அலைநீளத்தையும் ஒவ்வொரு விதமாகக் குறைக்கின்றன, 650-க்கு மேல் ஒளி வேகமாகக் குறைந்து, 700-க்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் வராது. 777-ல் உள்ள ஆக்சிஜன் கோடு எனக்குக் கிடைக்க வழியே இல்லை.

அடுத்து மாற்ற வேண்டியவை: ஃபிலிமுக்குப் பதில் ஒளியை ஒரே பக்கம் தள்ளும் கண்ணாடிக் கிரேட்டிங். ஃபிலிம் ஒளியை இரண்டு பக்கமும் பங்கிடுவதால் பாதி வீணாகிறது. விலை பல மடங்கு, ஆனாலும் இந்த வேலையில் பணம் போட வேண்டிய இடம் அதுதான். நிற வடிகட்டி இல்லாத கறுப்பு-வெள்ளைக் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது, இப்போதைக்கு அது கைக்கெட்டாது. பணமே செலவழிக்காமல் செய்யக்கூடியது, கேமரா நிற்கும் திசையைத் திருப்பிய நேரத்தோடு ஒவ்வொரு முறையும் குறித்துவைப்பது. பிறகு உட்கார்ந்து ஊகிக்கும் வேலை மிச்சம்.

ஜனவரி 3, 4 தேதிகளில் குவாட்ரான்டிட் பொழிவு. உச்சம் சில மணி நேரம்தான் நீடிக்கும். அவற்றின் வேகம் நொடிக்கு 41 கிலோமீட்டர், ஜெமினிட்டுக்கும் பெர்சீட்டுக்கும் இடையில். அந்த வேகத்தில் என் ஃபிலிமில் 557.7 தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வளையத்தில் புது ஃபிலிம் மாட்டியாகிவிட்டது, பேட்டரி சார்ஜில் இருக்கிறது.